ஆஃப் ஸ்பின்னர் அம்பயரானால்

சென்னை கிரிக்கெட் லீக்கில் கீழ் டிவிஷன்களில் பல வருடம் ஆடியவன் நான். ஆஃப் ஸ்பின் போடுவேன், ஒன்பதாவதாக இறங்குவேன். முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகு, கிட்டை யாருக்காவது கொடுத்துவிட்டு டிவி முன்னால் உட்கார மனம் வரவில்லை. அம்பயர் பரீட்சை எழுதினேன். வெகுநாள் கழித்து கோச்சிங்குக்கும் வந்தேன். இப்போது மைதானத்தில் பழைய ஆட்டக்காரர்கள் என்னைப் பார்த்தால், "அண்ணே, நானும் அம்பயரிங் பக்கம் வரலாம்னு பார்க்கிறேன், எப்படி?" என்று கேட்கிறார்கள். லஞ்ச் இடைவேளையில் நின்றபடி சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இந்தப் பாதை என்றாலே முதலில் நினைவுக்கு வருகிறவர் வெங்கட்ராகவன். 1945-ல் சென்னையில் பிறந்தவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1965-ல் நியூசிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆட வந்து, அந்தத் தொடரிலேயே டெல்லியில் 12 விக்கெட் எடுத்தார். மொத்தம் 57 டெஸ்ட், 156 விக்கெட். 1975, 1979 இரண்டு உலகக் கோப்பைகளிலும் இந்தியாவுக்குக் கேப்டன். 1979-ல் ஓவலில் 438 ரன்னைத் துரத்தி இந்தியா 429-க்கு 8 என்று டிரா செய்ததே, காவஸ்கர் 221 அடித்த ஆட்டம், அதிலும் அவர்தான் கேப்டன். கடைசி டெஸ்டை 1983-ல் ஆடியவர் பத்து வருடத்துக்குள், 1993-ல், டெஸ்ட் அம்பயராகத் திரும்பி வந்தார். 2002-ல் ஐசிசி தன் உயர்மட்ட அம்பயர்களின் பட்டியலான எலைட் பேனலை முதன்முதலாக அமைத்தபோது அதில் இருந்த ஒரே இந்தியர் அவர். 2004-ல் விலகும்போது 73 டெஸ்ட்களில் நின்றிருந்தார். ஆடிய டெஸ்ட்களைவிட நின்ற டெஸ்ட்கள் அதிகம்! எனக்கு இது இன்றும் வியப்பைத் தருகிற கணக்கு.

அவர் ஸ்பின்னராக இருந்ததுதான் நல்ல அம்பயராக ஆனதற்குக் காரணம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கல்லியிலும் (ஸ்லிப்புக்கு அடுத்த இடம்) பேட்ஸ்மேனை ஒட்டியும் நின்று கேட்ச் பிடித்தவர். அந்த இடத்தில் நிற்பவனுக்கு பந்து வருமா வராதா என்று தெரியாது. ஒவ்வொரு பந்துக்கும் வரும் என்றே தயாராக இருக்க வேண்டும், வராவிட்டால் மறந்துவிட்டு அடுத்த பந்துக்குக் குனிய வேண்டும். நாள் முழுக்க அப்படி நிற்கப் பழகியவருக்கு அம்பயரிங்கில் பாதி வேலை முடிந்துவிட்டது. பவுலராக இருந்தது உதவியைவிடத் தொந்தரவாகத்தான் இருந்திருக்கும். என் அனுபவம் அதைத்தான் சொல்கிறது.

இருபது வருடம் ஆடியவனுக்கு ரூல்ஸ் தெரியாதா என்ற எண்ணம் எல்லாருக்கும் உண்டு. ஆட்டக்காரனுக்குத் தெரிவது தனக்கு நேர்ந்த ரூல்ஸ் மட்டும்தான். கிரிக்கெட் சட்டங்களை எழுதும் லண்டன் கிளப்பான எம்சிசி வைத்திருக்கும் சட்டங்கள் 42. அவற்றில் பாதியை நாம் ஆடும் காலத்தில் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். 2022-ல் பெண்கள் மற்றும் ஜூனியர் ஆட்டங்களுக்கான அம்பயர் தேர்வை பிசிசிஐ அகமதாபாத்தில் நடத்தியபோது, சுமார் 140 பேர் எழுதி மூன்றே பேர் தேறினார்கள் என்று செய்தி வந்தது. அதில் கேட்ட கேள்விகளில் ஒன்று: பெவிலியன் நிழலோ மர நிழலோ ஒரு ஃபீல்டரின் நிழலோ பிட்ச்மேல் விழுகிறது, பேட்ஸ்மேன் புகார் செய்கிறார், என்ன செய்வீர்கள்? கட்டட நிழலையும் மர நிழலையும் கணக்கில் எடுக்கக் கூடாது. ஃபீல்டரை மட்டும் அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும். அசைந்தால் டெட் பால், அதாவது அந்தப் பந்து கணக்கில் வராது. இன்னொன்று: பவுலரின் ஆள்காட்டி விரலில் நிஜமாகவே காயம், டேப்பை எடுத்தால் ரத்தம் வரும், எடுக்கச் சொல்வீர்களா? பந்து போட வேண்டுமானால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆட்டக்காரனின் மனசு 'பாவம், இருக்கட்டுமே' என்று சொல்லும். சட்டம் அப்படிச் சொல்லாது.

படிக்கிற முறையில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன். சட்டப் புத்தகத்தைத் தனியாக உட்கார்ந்து வாசிக்காதீர்கள், இரண்டு பேராகப் படியுங்கள். ஒருவர் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர் எழுந்து நின்று சிக்னலோடு பதில் சொல்ல வேண்டும். எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும் செய்முறையும் உண்டு. உட்கார்ந்து படித்தது எழுந்து நிற்கும்போது வராது. பழைய ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது: நம் தலையில் இருப்பது நாம் ஆடிய காலத்துச் சட்டம். 2017-ல் புதிய தொகுப்பு வந்தது. 'ஹேண்டில்டு தி பால்' என்று தனியாக ஒரு அவுட் இப்போது கிடையாது. 2022 அக்டோபர் முதல், கேட்ச் பிடிக்கும் முன் இரண்டு பேரும் கிராஸ் ஆகியிருந்தாலும் புது பேட்ஸ்மேன்தான் அடுத்த பந்தை ஆட வேண்டும், ஓவர் முடிந்திருந்தால் தவிர. பந்தில் எச்சில் தடவக் கூடாது. பந்து போடும் முன்பே கிரீஸை விட்டு வெளியேறும் நான்-ஸ்ட்ரைக்கரை பவுலர் ரன் அவுட் செய்வது 'முறையற்ற ஆட்டம்' என்ற சட்டத்திலிருந்து சாதாரண ரன் அவுட் சட்டத்துக்கு மாறிவிட்டது. லீக் மேட்ச்களில் பெரிய சண்டைகள் பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயத்தில்தான் வரும். அதற்கு முன்னால் சட்டம் உங்கள் நாக்கின் நுனியில் இருக்க வேண்டும்.

இனி நிற்கும் வேலை. இதில்தான் நான் அதிகம் கற்றேன்.

பவுலர் முனையில் ஸ்டம்புக்கு எவ்வளவு பின்னால் நிற்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ரொம்பக் கிட்டே நின்றால், பவுலரின் முன்னங்காலைக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையைத் தூக்குவதற்குள் பந்து பாதி தூரம் போய்விடும். மணிக்கு 130 கிலோமீட்டரில் வரும் பந்து பேட்ஸ்மேனை அடைய அரை விநாடிதான் ஆகும். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றால் கிரீஸும் எதிர்முனை ஸ்டம்பும் ஏறக்குறைய ஒரே பார்வையில் வரும், தலையை அசைக்க வேண்டாம், கண்ணை மட்டும் உயர்த்தினால் போதும். எவ்வளவு பின்னால் என்பது உங்கள் உயரத்தையும் கண்ணையும் பொறுத்தது. நெட்ஸில் போய் பவுலருக்குப் பின்னால் நின்று பாருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள், ஒரு அம்பயர் நிற்பதை பவுலர்கள் விரும்பவே செய்வார்கள்.

அடுத்தது எல்பி, அதாவது ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் காலால் மறித்ததற்கான அவுட். பந்து பேடில் பட்டதும் என் கை தானாகத் தூக்கப் பார்க்கும், மனசுக்குள் 'அவுட்டேய்!' என்று ஒரு சத்தம் கேட்கும். அது அம்பயரின் சத்தம் இல்லை, இருபது வருடம் பேடைப் பார்த்தாலே அப்பீல் செய்த ஆஃப் ஸ்பின்னரின் சத்தம். அதை அடக்கப் பார்ப்பதைவிட, அதற்கு வேலை கொடுக்காத ஒரு வரிசையை ஏற்படுத்திக்கொள்வதே நல்லது. நோ பாலா? எங்கே பிட்ச் ஆனது? லெக் ஸ்டம்புக்கு வெளியே என்றால் அங்கேயே முடிந்தது. பேட்டில் பட்டதா? பேடில் எந்த இடத்தில் பட்டது, லைனுக்குள்ளா? ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே என்றால் ஷாட் ஆடினாரா? கடைசியாக, போய் ஸ்டம்பில் பட்டிருக்குமா? இந்த வரிசையை ஒருநாளும் மாற்றக் கூடாது. அப்பீல் சத்தம் எவ்வளவு பெரிதானாலும் மாற்றக் கூடாது. ஓரிடத்தில் 'இல்லை' என்று விழுந்துவிட்டால் மேலே யோசிக்க வேண்டாம். எங்காவது சந்தேகம் நின்றால் அது பேட்ஸ்மேனுக்கு.

ஆஃப் ஸ்பின்னுக்கு எல்பி பார்க்கும்போது கண் இன்னொரு விதத்தில் ஏமாறும். வலக்கை பேட்ஸ்மேனுக்கு ஓவர் தி விக்கெட்டில் வருகிற பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து உள்ளே திரும்புகிறது. பேடில் படும் நேரத்தில் நடு ஸ்டம்புக்கு நேராக அழகாகத் தெரியும். ஆனால் அது அங்கே நிற்கப் போவதில்லை, திரும்பிக்கொண்டே இருக்கிறது. பேட்ஸ்மேன் பின்காலில் ஆடினால் மீதி தூரம் குறைவு, அவுட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. முன்காலை நீட்டி ஆடினால் ஸ்டம்புக்குப் போக இன்னும் ஆறேழு அடி இருக்கிறது. அந்தத் தூரத்தில் பந்து லெக் ஸ்டம்பைத் தாண்டிப் போயிருக்கும். பாய் விரித்த மேட் விக்கெட்டில் இதோடு உயரமும் சேரும். ஸ்டம்பின் உயரம் 71 சென்டிமீட்டர், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். பாய் விரித்த விக்கெட்டில் முழங்கால் மடிப்பில் படுகிற பந்துகளில் நிறைய ஸ்டம்புக்கு மேலே போகிறவை. டர்ஃப் (மண்-புல்) விக்கெட்டில் ஆடி வந்த பவுலர்கள் அதற்குக் கத்திக் கேட்பார்கள். கேட்கட்டும். அவர்கள் பாயில் புதிது.

நிக், அதாவது பந்து பேட்டின் விளிம்பில் உரசியதா என்பது, வேறு விதமான கஷ்டம். மைக் இல்லை, ரீப்ளே இல்லை. சத்தம் கேட்டால் மட்டும் போதாது. பந்து பேட்டைத் தாண்டும் நேரமும் சத்தம் வந்த நேரமும் ஒன்றா, பந்தின் திசை கொஞ்சமாவது மாறியதா என்று பார்க்க வேண்டும். பேட் பேடில் தட்டினாலும் தரையில் தட்டினாலும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். கடற்கரைக் காற்று அடிக்கிற மைதானங்களில் எதிர்முனைச் சத்தம் காதுக்கு வந்து சேராமலேயே போவதும் உண்டு, அங்கே கண்ணைத்தான் நம்ப வேண்டும். கீப்பர் பந்தைத் தூக்கிப் போட்டுக் கொண்டாடுகிறாரா என்று பார்க்கவே கூடாது. அது தகவல் இல்லை, அவருடைய ஆசை.

முடிவு சொல்வதற்கு முன் ஒரு மூச்சு விடுங்கள். நடந்ததை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்பீலுக்கு உடனே பதில் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. சொன்ன பிறகு அந்தப் பந்து முடிந்துவிட்டது. 1999 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டையும் கும்ளே எடுத்தபோது அவர் பந்து போட்ட முனையில் அம்பயராக நின்றவர் ஏ.வி. ஜெயப்பிரகாஷ். கர்நாடகத்துக்காக ரஞ்சி ஆடியவர். ஏழு, எட்டு, ஒன்பது என்று ஏறும்போது மைதானமே கத்தியிருக்கும். பவுலருக்கு அது எத்தனையாவது விக்கெட் என்பது அந்த முனையில் நிற்பவரின் கணக்கில் வரவே கூடாது. நினைத்துப் பாருங்கள், எவ்வளவு கடினமான வேலை!

ஓட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்தை அடித்ததும் பக்கவாட்டில் ஓடி, கிரீஸுக்கு நேர்கோட்டில் நின்று, பந்து வரும்போது அசையாமல் இருங்கள். ஓடிக்கொண்டே பார்த்தால் எல்லாம் அவுட் போலத் தெரியும். லெக் அம்பயராக (பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில்) நிற்கும்போது, ஃபீல்டர் பந்தை எறிகிற கணத்தில் பேட்ஸ்மேன்கள் கிராஸ் ஆகிவிட்டார்களா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஓவர்த்ரோவுக்கு ஐந்து ரன்னுக்குப் பதில் ஆறு கொடுத்தது அந்த ஒரு பார்வை விட்டுப்போனதால்தான். கொடுத்தவர் குமார் தர்மசேன. 1996-ல் உலகக் கோப்பையை வென்ற இலங்கை அணியில் இருந்தவர், 2015 இறுதி ஆட்டத்தில் அம்பயராக நின்றவர். அதைப் பிறகு அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதற்காக அவர்மேல் என் மரியாதை கூடியது.

உடம்பைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். 2014-ல் இஸ்ரேலில் ஒரு அம்பயர், அந்நாட்டு அணிக்குக் கேப்டனாக இருந்தவர், பந்து பட்டு இறந்தார். 2016 டிசம்பரில் மும்பை டெஸ்டில் அம்பயர் பால் ரீஃபெல் பின்தலையில் ஃபீல்டர் எறிந்த பந்து பட்டு மைதானத்தை விட்டுப் போனார். அவர் ஆஸ்திரேலியாவின் பழைய வேகப்பந்து வீச்சாளர். குயின்ஸ்லாந்து லெக் ஸ்பின்னராக இருந்த புரூஸ் ஆக்ஸன்ஃபோர்ட் முன்கையில் ஒரு கவசம் மாட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். இருபது ஓவர் ஆட்டங்களில் பேட்ஸ்மேன் நேராக அடிக்கிற பந்துக்கு நமக்கு நேரமே கிடையாது. எறிகிற கைக்கு எந்நேரமும் முதுகைக் காட்டாதீர்கள். சென்னை வெயிலில் ஆறு மணி நேரம் நிற்பதற்கு ஆடுவதைவிட அதிகத் தெம்பு வேண்டும். பேட்ஸ்மேன் அவுட்டானால் போய் உட்காரலாம், நம்மால் முடியாது.

பழைய நண்பர்கள் ஆடும் ஆட்டத்தில் நிற்பதுதான் எல்லாவற்றிலும் சங்கடமானது. நேற்றுவரை 'டேய்' என்று கூப்பிட்டவன் இன்று 'சார்' என்பான், அந்தச் சாரில் கொஞ்சம் குத்தல் இருக்கும். நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். டாஸுக்கு வரும்போது எல்லாரிடமும் நன்றாகப் பேசுவேன், பெயில்ஸ் வைத்த பிறகு யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். ஒருமுறை லஞ்ச் நேரத்தில் ஓர் அணியின் நிர்வாகி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த சீசனில் யார் யாரை எந்த ஆட்டத்துக்குப் போடச் சொல்வது என்று தனக்கும் கொஞ்சம் செல்வாக்கு உண்டு என்ற மாதிரி பேசினார். சாப்பாட்டை முடித்துக்கொண்டு எழுந்து, அவர் சொன்னதை என் சக அம்பயரிடம் அப்போதே சொன்னேன். ஆட்டம் முடிந்ததும் அறிக்கையில் அவர் பேசியதை அப்படியே எழுதினேன், என் அபிப்பிராயத்தைச் சேர்க்கவில்லை. அறிக்கையில் எப்போதும் இதையே செய்யுங்கள்: சொன்ன வார்த்தை, நடந்த நேரம், கூட இருந்தவர்.

கோச்சிங்குக்கு வந்தபோதுதான் அம்பயரிங் எனக்கு என்ன கொடுத்திருக்கிறது என்று புரிந்தது. அம்பயர் நிற்கும் இடத்தைப் போல பேட்ஸ்மேனைப் பார்க்க நல்ல இடம் மைதானத்தில் வேறு கிடையாது. வருடக்கணக்கில் அங்கே நின்று பார்த்திருக்கிறேன்: தலை ஆஃப் பக்கம் சாய்ந்தவனின் முன்கால் குறுக்கே விழும், பேட் அந்தக் காலைச் சுற்றி வர வேண்டியிருக்கும், எல்பி அங்கேதான் பிறக்கிறது. ஆனால் அங்கே நின்றவரை வாயைத் திறக்க முடியாது. கோச்சாக வந்த பிறகு பேசலாம், பேச வேண்டும். அப்போதும் ஒரு பையனிடம் ஒரு நாளைக்கு ஒரு விஷயத்துக்கு மேல் சொல்வதில்லை. அம்பயரிங் பழக்கிய வாய் அது.

நெட்ஸில் எந்த ஊரிலும் நடக்கும் ஒன்றை நான் அனுமதிப்பதே இல்லை. பவுலர்கள் கோட்டைத் தாண்டி ஓர் அடி முன்னால் வந்து போடுவார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். பிறகு மேட்ச்சில் விக்கெட் எடுத்த பந்து நோ பாலாகி அழுவார்கள். எங்கள் நெட்ஸில் சுண்ணாம்புக் கோடு உண்டு. பேடு கட்டிக் காத்திருக்கும் பையன் அம்பயர் இடத்தில் நின்று சத்தமாக நோ பால் சொல்ல வேண்டும். காலின் ஏதாவது ஒரு பகுதி, தரையில் படாவிட்டாலும், கிரீஸுக்குப் பின்னால் இருந்தால் சரிதான் என்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள். பின்கால் பக்கக் கோட்டைத் தொட்டாலும் நோ பால் என்பது பல பவுலர்களுக்குக் கல்லூரி முடிக்கும்வரை தெரியாது!

கை மடக்கிப் போடுவது பற்றியும் சொல்ல வேண்டும். பந்து வீசும்போது முழங்கை விரிவதற்கு ஐசிசி வைத்திருக்கும் எல்லை 15 டிகிரி, அதை வெறுங்கண்ணால் அளக்க முடியாது. ஆனால் லெக் அம்பயராக நின்றவனுக்கு ஒரு பையனின் கையில் ஏதோ சரியில்லை என்பது சீக்கிரம் தெரியும். பன்னிரண்டு வயதில் சொன்னால் சில மாதத்தில் சரியாகும். விக்கெட் விழுகிறதே என்று விட்டுவிட்டு பதினேழு வயதில் ஓர் அம்பயர் புகார் எழுதும்போது அந்தப் பையனின் கிரிக்கெட்டே முடிந்துபோகலாம். பெற்றோருக்குக் கசக்கும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பயிற்சி ஆட்டங்களில் அவுட்டானவர்களை அம்பயராக நிற்க வைப்பேன். ஒரு பையன், லெக் ஸ்பின்னர், பேடில் பட்டதெல்லாம் கேட்பான். கொடுக்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அவனைத் தொடர்ந்து சில வாரம் நிற்க வைத்தேன். ஒருநாள் ஓவர் முடிந்து என்னிடம் வந்து, "சார், நான் போடுறதுல பாதி லெக் ஸ்டம்புக்கு வெளியதான் பிட்ச் ஆவுதா?" என்று கேட்டான். "நீயே பாத்தியேப்பா" என்றேன். அதற்குப் பிறகு கிரீஸில் இன்னும் ஸ்டம்பை ஒட்டி வந்து போட ஆரம்பித்தான். நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பானா என்பது சந்தேகம்தான்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். லீக் ஆட்டங்களுக்குக் கிடைக்கும் தொகையை நம்பி வேலையை விடாதீர்கள். மேல் பேனலுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர், அதற்குப் பல வருடம் ஆகும். சீக்கிரம் ஆரம்பித்தவர்களுக்கே அந்தக் கதவு திறக்கும். முப்பதுகளின் தொடக்கத்திலேயே, இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே, பரீட்சையைப் பற்றி விசாரியுங்கள். வருகிற அறிவிப்பில் வயது வரம்பை முதலில் பாருங்கள்.

அம்பயரிங்கையும் கோச்சிங்கையும் ஒன்றாகச் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே வாரத்தில் நேரம் இருக்கும், ஆனால் ஒரே ஆட்டத்தில் இடம் கிடையாது. என் பையன்கள் எந்தெந்த அணிகளில் ஆடுகிறார்கள் என்ற பட்டியலை சீசன் தொடங்கும் முன்னே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஒருவன் அணி மாறினால் அன்றே தெரிவிக்கிறேன். அப்படியும் தவறிப்போய் அந்த ஆட்டத்துக்கு என் பெயர் வந்தால், முதல் நாளே போன் செய்து வேறு ஆளைப் போடச் சொல்கிறேன். காலையில் மைதானத்துக்குப் போன பிறகு சொன்னால் மாற்று ஆள் கிடைக்க மாட்டார், இரண்டு அணிகளும் "பரவாயில்லை சார், நீங்களே நில்லுங்க" என்பார்கள். அப்போது மறுப்பது மிகவும் கஷ்டம்.